விளையாட்டை நிறுத்தும் நேரம்

ஆசிரியருக்கு,

அங்கன்வாடியிலிருந்து கிளம்பும் வேளையில் அடம்பிடித்துத் தரையில் புரளும் குழந்தையின் முதுகில் இரண்டு போட்டு இழுத்துச் செல்வது இன்றும் வழக்கமாகவே இருக்கிறது. செய்துகொண்டிருப்பதைச் சட்டென விட்டு அடுத்ததற்கு மாறவும் கோபத்தை அடக்கவும் உதவுகிற மூளையின் முன்பகுதி, 20 வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பது. 3 வயதில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. “இன்னும் இரண்டு முறை சறுக்கிவிட்டுக் கிளம்பலாம்” என்று முன்கூட்டியே சொல்வதும் (ஐந்து நிமிடம் என்றால் அந்த வயதுக்குப் புரியாது), செருப்பை நீயே மாட்டுகிறாயா, நான் மாட்டிவிடட்டுமா என்று கேட்பதும் பலன் தரும். கோபம் உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை ஏறாது. அருகில் அமர்ந்திருந்தாலே போதும். அழுகையை நிறுத்தக் கைப்பேசியை நீட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதைத் திரும்ப வாங்குவது அடுத்த போராட்டம். அங்கன்வாடியில் பெற்றோரிடம் குழந்தையின் எடை, உயரத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் விளக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்