கை அறிந்த பை

ரங்கூன்,
ஆடி மாதம் 12.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. காளியம்மன் கோயிலுக்குப் புறப்படும் நேரத்தில் கைக்குக் கிடைத்ததால், பிரிக்காமலே மடியில் செருகிக்கொண்டு போய், வழிபாடு முடிந்த பிறகு பிரகாரத்தில் அமர்ந்து இரண்டு முறை படித்தேன். உன் துணைவியாரின் முழங்கால் வலி தணிந்திருப்பதும், பேரன் நன்றாகப் படித்து மேல் வகுப்புக்குப் போயிருப்பதும் மகிழ்ச்சி தந்தன. ஆனால் மழைநாளில் ஒரு சிற்றூருக்குப் பம்பு பழுதுபார்க்கப் போன இடத்தில், மின்சாரம் நின்றுபோன இருட்டில், சிறிய திருப்புளியைப் பைக்குள் கால்மணி நேரம் துழாவினாய் என்றும், அப்போது திறந்து கிடந்த கத்தி உன் விரலைக் கீறிவிட்டது என்றும் எழுதியிருந்தாயே, அந்த வரிகளைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் உன் மகள் நல்ல பை ஒன்று வாங்கி அனுப்ப முன்வந்திருக்கிறாள் என்றும், கைப்பேசியில் அவள் அனுப்பிய ஒன்பது படங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறாய். முப்பது ஆண்டுகளாக மின்வேலைக்குக் கருவிப் பையோடு அலைகிறவன் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான எண்ணங்கள் உண்டு. பொறுமையாகப் படி.

முதலில் அந்த ஒன்பது படங்களையும் எடுத்து வைத்துவிட்டு, இப்போது பையில் இருக்கும் அத்தனையையும் பாயில் கொட்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அப்படிக் கொட்டியபோது முப்பத்து நான்கு பொருள்கள் இருந்தன. அன்று முதல் மூன்று வாரம், பகலில் எந்தப் பொருள் பயன்பட்டதோ அதில் மாலையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தேன். முடிவில் பதின்மூன்று பொருள்களில்தான் நூல் இருந்தது. நூல் ஏறாதவற்றில் எந்தப் பூட்டுக்கு உரியவை என்றே தெரியாத நான்கு சாவிகளும், எரியாத டார்ச் ஒன்றும், காய்ந்துபோன பசைக்குழாய் ஒன்றும் இருந்தன. அவற்றை அத்தனை காலம் என் தோள் சுமந்திருக்கிறது. ஆனால் நூல் ஏறாதவை எல்லாம் வேண்டாதவையும் இல்லை. ஃபியூஸ் கம்பி, காயத்துக்குக் கட்டும் துணி, விசில் போன்றவை மூன்று வாரத்தில் ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம். தேவைப்படும் நாளில் அவை இல்லாவிட்டால் வேறு எதுவும் ஈடாகாது. ஆகவே நாள்தோறும் கை தேடுபவை, வேலைக்கு மட்டும் வேண்டியவை, எப்போதாவது வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்தேன். ஒரு பெரிய பையில் இருபது அறைகள் இருப்பதைவிட, மூன்று சிறுபைகள் தனித்தனியே இருப்பது எத்தனையோ மேல் என்று அன்று தெரிந்துகொண்டேன். கோயிலுக்குப் போகும் நாளில் முதல் பை மட்டும் என்னோடு வருகிறது. மற்ற இரண்டும் வீட்டு ஆணியில் தொங்குகின்றன.

இந்த நாட்டில் நம் உடைக்குப் பொருந்துகிறதா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. இங்கே எல்லாரும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் லோஞ்சியில் பை கிடையாது. பணப்பையையும் கைப்பேசியையும் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும் வழக்கம் இளைஞர்களுக்குச் சரி. ஏணியில் ஏறி இறங்குகிற எனக்கும், மோட்டார் சைக்கிளில் குலுங்கிப் போகிற உனக்கும் அது ஒத்துவராது. மிச்சம் இருப்பது தோளில் மாட்டும் ஷான் பைதான். அதன் தோள்பட்டையும் பக்கத் துணியும் ஒரே நாடாவாக இறங்கித் தைக்கப்பட்டிருப்பதால், எடை ஏறும்போது வாய் குவிந்து, உள்ளே இருப்பதெல்லாம் நடுவில் போய்ச் சேரும். மூடியும் கிடையாது, அறைகளும் கிடையாது. அப்படிப்பட்ட பைக்குள் வைக்கும் சிறுபை அகலத்தில் குறைந்து உயரத்தில் கூடியதாக, நட்டமாக நிற்பதாக இருக்க வேண்டும். மேல்முனையில் விரல் நுழைத்து இழுக்க ஒரு காது வேண்டும். தட்டையாக விரியும் அகலப் பை குறுக்காக மடங்கிக் கிடக்கும். அதை எடுக்க மற்றவற்றை எல்லாம் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். என் அப்பத்தாவின் சுருக்குப்பை உனக்கு நினைவிருக்கும்; பள்ளி விட்டு வரும்போது அதிலிருந்துதான் நம் இருவருக்கும் மிட்டாய்க்குக் காசு வரும். அதில் மூன்று அடுக்குகள் உண்டு. வெற்றிலை ஈரத்துணியோடு ஒன்றில், பாக்கும் பாக்குவெட்டியும் ஒன்றில், பித்தளைச் சுண்ணாம்பு டப்பியும் காசும் ஒன்றில். விளக்கில்லாத திண்ணையில் அமர்ந்து, யாரிடமாவது பேசிக்கொண்டே, ஒருமுறைகூடக் கீழே குனிந்து பாராமல் அவர் வெற்றிலை மடித்துவிடுவார். வெற்றிலையின் குளிர்ச்சி, பாக்கின் உருட்டு, பித்தளையின் வழவழப்பு என்று ஒவ்வொன்றும் விரலுக்குத் தன்னைத் தெரிவித்துவிடும். எதிர்வீட்டுப் பர்மியப் பாட்டியிடம் இருந்த அரக்கு வெற்றிலைப் பெட்டியும் அப்படியே. பகானில் செய்யும் அந்த உருளைப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் இருக்கும். எந்தத் தட்டில் எது என்பது அந்தப் பாட்டியின் கைக்குத் தெரியும். நம் பழந்தமிழில் அடைப்பை என்ற சொல்லே வெற்றிலைப் பைக்கு உரியது. அன்றாடம் வேண்டிய சிறு பொருள்களை ஒழுங்காகக் கொண்டுசெல்லும் கலை நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

அந்த இரு பாட்டிகளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பையை இருட்டில் திறந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரம் நாள்தோறும் பல மணி நேரம் நின்றுபோகும் ஊரில் இருக்கிறோம். கண்ணுக்கு அழகாக அமைந்த அறைகள் அந்த நேரத்தில் உதவுவதில்லை. ஒரே மாதிரியான பிடி உள்ள இரண்டு பொருள்களை அருகருகே வைத்தால் கை ஏமாறும். டெஸ்டருக்கும் சிறிய திருப்புளிக்கும் நடுவே அளவு நாடாவை வைத்தால் ஏமாறாது. கத்தியை எப்போதும் மடக்கி, முனை கீழ்நோக்க, மற்றவற்றுக்கு எதிர்ப்புறத்தில் தனியாக வை. உன் விரலில் பட்ட காயம் கத்தியின் குற்றம் என்று நான் எண்ணவில்லை. அதற்கு ஓர் இடம் குறிக்கப்படாததால் நேர்ந்தது.

உள்ளமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகம்போல் முழுதும் விரியும் பைகளைப் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். மேசையில் வைத்து வேலை செய்பவருக்கு நல்லதும்கூட. ஏணி மேல் நின்று ஒரு கையால் திறந்தால் அத்தனையும் கீழே கொட்டும். ஆகவே பாதி திறந்ததும் நின்றுகொள்ளும்படி இரு பக்கமும் நாடா தைத்ததாகப் பார். எலாஸ்டிக் வளையங்களில் பருமனான பொருளை வலிந்து நுழைத்தால் சில மாதங்களில் இழுவை போய்விடும்; பிறகு மெல்லிய பொருள் அதில் நிற்காது. உட்புறத் துணி ஆரஞ்சு, வெளிர் சாம்பல் போன்ற வெளிறிய நிறத்தில் இருந்தால், கறுப்புக் கைப்பிடியுள்ள கருவி டார்ச்சின் சிறு வெளிச்சத்திலும் தெரியும். உள்ளும் புறமும் கறுப்பான பை வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, மேக்ஸ்பெடிஷன் என்ற அமெரிக்க நிறுவனம் ஃபேட்டி என்ற பெயரில் விற்கும் பை ஐந்தங்குல அகலமும் ஏழங்குல உயரமும் இரண்டங்குலப் பருமனும் கொண்டது. உன் மகளின் நான்காவது படம் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். நம் பணத்தாள்கள் ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர் நீளம் என்பதால், ஏழங்குல உயரத்தில் அவை மடியாமல் நிற்கும். அதைவிடப் பெரியது வேண்டாம். இடம் மிச்சமிருந்தால் பொருள் தானே வந்து சேரும், ஒரு மாதத்தில் பழையபடி துழாவ நேரும்.

துணியின் விவரத்தில் டீனியர் என்று ஓர் எண் எழுதியிருக்கும். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டீனியர். ஆயிரம் டீனியர் நைலான் முரட்டுத்தனமானது, பாரமானது. பைக்குள் வைக்கும் பைக்கு ஐந்நூறு போதும். கார்டுரா என்ற பெயர் இருந்தால் தேய்மானம் தாங்கும். ஆனால் நம் ஊர்களுக்கு நூலைவிட அதன் பின்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சுதான் கவலை தரும். நீர் இறங்காமல் காப்பதற்காகப் பூசிய அதுவே, வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் சிதைந்து, முதலில் பிசுபிசுக்கும், பிறகு தோல் உரிவதுபோல் உரியும். கடைத்தெருவில் மலிவாக வாங்கிய பை ஒன்று இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் அப்படி உருகி, வாடிக்கையாளர் கணக்கெழுதிய தாள்களை எல்லாம் ஒட்டிக்கொண்டது. உங்கள் மோல்மேனில் ஆண்டு மழை 4,500 மில்லிமீட்டருக்கு மேல். எங்களுக்கு அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல். எனவே எந்தப் பை வாங்கினாலும் நனைந்தபடி மடித்து வைக்காதே. உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயவிடு. தோல் பையை இந்த முறை நினைக்கவே வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும்.

ஜிப் கெட்டால் பை கெட்டது. மூடிய பற்களின் அகலம் ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டரோ அதையொட்டியே அதற்கு எண் கொடுக்கிறார்கள். மூன்றாம் எண் உன் வேலைக்கு மெலிது, ஐந்தாம் எண் பொருத்தம். 1934இல் ஜப்பானில் தொடங்கிய ஒய்.கே.கே. நிறுவனத்தின் ஜிப்பை என் கை முப்பது ஆண்டுகளாக அறியும். இறுகினால் மெழுகுவர்த்தியைப் பற்களில் தேய்த்தால் இளகிவிடும். வெல்க்ரோ மூடி உனக்கு வேண்டாம். பிரிக்கும்போது ஒலி எழுப்புவதோடு, லோஞ்சியின் நூலையும் பற்றி இழுக்கும். வெளிப்புறத்தில் ஓரங்குல நாடாக்கள் வரிவரியாகத் தைத்த படைவீரர் பாணிப் பைகளும் உன் ஒன்பதில் இருக்கின்றன. வேறு பைகளைக் கோத்துக்கொள்பவர்களுக்கு அவை பயன்படும். உனக்கு அவை எடையும் அழுக்குமாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் நீ கட்டாயம் கேட்க வேண்டும். டார்ச்சுக்குப் போடும் பதினெட்டு மில்லிமீட்டர் விட்டமும் அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் பேட்டரியைச் சாவிகளோடு சேர்த்துப் போடாதே. அதன் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் அதை மறைக்கிறது. தலையில் இருக்கும் நேர்முனைக்கும் உடலின் விளிம்புக்கும் நடுவே சாவி ஒன்று குறுக்கே பட்டால் போதும். எனக்கு அப்படி நேர்ந்தது. பேருந்தில் போகும்போது விலாவில் சூடு தெரிந்து பார்த்தால், பையின் துணி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. வெளியே எடுத்துச் சாலையோரம் வீசியதால் தப்பினேன். மின்வேலை தெரிந்தவனுக்கே அந்தக் கவனக்குறைவு நேர்ந்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை. அன்று முதல் மாற்றுப் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் தனிப் பிளாஸ்டிக் உறை வைத்திருக்கிறேன். பவர் பேங்கையும் கருவிகளோடு வைக்காமல் தனியறையில் வை. மகளைப் பார்க்கப் போகும்போது அதை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 20,000 மில்லிஆம்பியர்-மணி அளவுள்ளது 74 வாட்-மணி ஆகும், அனுமதிக்கப்படும் நூறுக்குள் அடங்கிவிடும்.

மாத்திரைகளும் அடையாள அட்டையும் கருவிப் பைக்குள் வரவே கூடாது. அவை நாள்தோறும் உடலோடு இருக்கும் முதல் பைக்கு உரியவை. 2025 மார்ச் 28 அன்று நிலம் அதிர்ந்தபோது, எங்கள் கட்டடத்தில் எல்லாரும் படியிறங்கி ஓடினோம். கீழே வந்து நின்ற பிறகுதான் பலருக்குக் கையில் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. சாகைங், மாண்டலே பக்கம் பட்ட துயரத்தின் முன் எங்கள் பயம் பெரிதில்லை. ஆயினும் அன்றிரவே முதல் பையில் ஒரு விசிலையும், கட்டைவிரல் அளவு டார்ச்சையும், இரண்டு நாள் மாத்திரையையும் சேர்த்தேன். கதவருகே ஆணியில் அது தொங்குகிறது. வீட்டில் எல்லாருக்கும் அந்த ஆணி தெரியும்.

ஆக, மகளிடம் நான்காவது படத்தில் உள்ளதை மட்டும், உட்புறம் வெளிர் நிறமாகக் கிடைத்தால், வாங்கச் சொல். அது உன் முதல் பையாக இருக்கட்டும். வேலைக்கான இரண்டாவது பையைக் கடையில் தேடாதே. எங்கள் தெருவில் கேன்வாஸ் தைக்கிற ஒரு தையல்காரர் எனக்குத் தைத்துக் கொடுத்தது இன்றும் உழைக்கிறது. சுருட்டி நாடாவால் கட்டும் வகை, ஒவ்வொரு கருவிக்கும் அதன் பருமனுக்கேற்ற அறை. உனக்கும் அவரிடமே தைக்கச் சொல்கிறேன், கூலியைப் பற்றிப் பேசாதே. உன் கருவிகள் ஒவ்வொன்றின் நீளத்துக்கும் சுற்றளவுக்கும் ஒவ்வொரு நூலை அளந்து நறுக்கி, எது எதன் நூல் என்று தாளில் எழுதி அதிலேயே ஒட்டி, அடுத்த கடிதத்தோடு அனுப்பு. கத்திக்கு உரிய நூலைச் சிவப்பாக எடுத்துக்கொள். அதன் அறைக்கு மட்டும் மூடி வைத்துத் தைக்கும்படி அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

என்றும் உன் அன்பு மாறாத
பள்ளித்தோழன்