பரணில் கிடக்கும் ரயிலை மறுபடி ஓட்டுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் பிள்ளைகளுக்கென்று வாங்கி வந்த மின்சார ரயில் செட்டுகள் நம் குமரி மாவட்டத்தில் பல வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. அன்று அதை வைத்து விளையாடிய பிள்ளைக்கு இன்று ஐம்பது வயது. பெட்டியை இறக்கித் தூசி தட்டிப் பிளக்கைச் சொருகுகிறார். ஓட மாட்டேன் என்கிறது, இல்லாவிட்டால் புகைகிறது. 'இப்போது எல்லாம் டிஜிட்டல், பழசைத் தூக்கி எறியுங்கள்' என்று ஆலோசனை சொல்ல உடனே நாலு பேர் வந்துவிடுவார்கள். பல வருஷம் கழித்து மாதிரி ரயில் பக்கம் திரும்புகிறவர் முதலில் கையில் இருப்பதை ஓடவைக்க வேண்டும். புதிது வாங்குவது அப்புறம் என்பதே என் கட்சி. வெளிநாட்டுக் கையேடுகள் நம் உப்புக்காற்றை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. அதனால் இங்கே எது கெடும், ஏன் கெடும் என்று சிலவற்றைக் குறித்து அனுப்புகிறேன்.

தூக்கி எறிந்தே தீரவேண்டியது ஒன்று உண்டு. அது பழைய டிரான்ஸ்ஃபார்மர். அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் சொருகினால் கருகிவிடும். ஐரோப்பியப் பெட்டி தாக்குப்பிடித்தாலும் அதன் வயர் உறை காய்ந்து வெடித்திருக்கும். பேரப்பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அது வேண்டாம். பதிலுக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் டிசி அடாப்டர் ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்க பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் ஒன்று, திசை மாற்ற ஆறு கால் உள்ள டிபிடிடி சுவிட்ச் ஒன்று போதும். தண்டவாளத்துக்குப் போகும் ஒரு வயரின் நடுவே 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துவிடுங்கள். எல்லாம் சரியாக ஓடும்போது அது எரிவதே தெரியாது. பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரிந்து, மின்னோட்டத்தை 1.75 ஆம்பியருக்கு மேல் போகவிடாமல் தடுக்கும். மோட்டார் தப்பிக்கும். தண்டவாளத்தின் நடுவில் புள்ளி புள்ளியாக உலோக முனைகள் தெரிந்தால் அது மெர்க்லின் நிறுவனத்தின் ஏசி முறை. அதற்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.

இன்ஜினுக்கு வருவோம். இன்ஜின் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் ஃபோம் பஞ்சு நாளாக ஆகப் பிசுபிசுத்துப்போய் இன்ஜினின் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதை முதலில் எடுத்து எறியுங்கள். மேல்கூட்டைக் கழற்றினால் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருப்பது தெரியும். மோட்டார் சுற்றாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த நிலையில் மின்சாரம் கொடுத்து 'இழுத்துப் பார்ப்பது' காயிலைக் கருக்கும் வழி. மொபைல் ரிப்பேர் கடைகள் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு கிரீஸைத் துடைத்தெடுங்கள். கொரோனா காலத்தில் மிச்சமான சானிடைசர் ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. துடைத்தபின், பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய எண்ணெயை ஊசிமுனையால் ஒவ்வொரு பேரிங்கிலும் ஒரு துளி. நம் ஊரில் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். அதைத் தொடவே கூடாது. கொஞ்சம் குளிர்ந்தாலே உறையும். நாளாக ஆகச் சிக்கெடுத்துப் பிசுபிசுத்துப் பற்சக்கரங்களை இறுக்கிவிடும்.

மோட்டாரின் தலையில் மூன்றாகவோ ஐந்தாகவோ பிளந்த செம்புத் துண்டுதான் கம்யூடேட்டர். அதை உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுக்குப் பிரஷ் என்று பெயர். அந்தப் பிளவுகளில் பிரஷ்ஷின் கரித்தூள் அடைந்திருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்துத் துண்டுகளை அது ஷார்ட் ஆக்குகிறது; இன்ஜின் சூடாகும், வேகம் வராது. பல்குத்தும் குச்சியின் முனையால் பிளவை ஒவ்வொன்றாகக் கீறித் தூளை எடுக்க வேண்டும். ஊசி, பிளேடு ஆகாது. செம்பில் பிசிறு எழும். இன்னொன்று: டிரை-ஆங் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தினுடையவை போன்ற பழைய இன்ஜின்களின் திறந்த மோட்டாரில் கட்டியாக ஒரு அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம் இருக்கும். சுத்தம் செய்கிற ஆர்வத்தில் அதைக் கழற்றிவிடாதீர்கள். இரும்புத் துண்டால் முனைகளை இணைக்காமல் வெளியே எடுத்தால் காந்தம் பலம் இழக்கும். மறுபடி பூட்டியபின் இன்ஜின் முன்பைவிட அதிக மின்சாரம் குடிக்கும், இழுவையோ குறைந்துபோகும்.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்று தட்டினால் அச்சிலுள்ள பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிந்துவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் சுருங்கும், எஃகு அச்சு சுருங்காது; எனவே இரண்டு பற்களுக்கு நடுவே மயிரிழை அளவு பிளக்கிறது. பூதக்கண்ணாடியில் தெரியும். பசை போட்டு ஒட்டினால் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

தண்டவாளத்தைத் தரம் பிரிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் எஃகு, மஞ்சளாக இருந்து ஒட்டாவிட்டால் பித்தளை, வெள்ளையாக இருந்து ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வர். எஃகுத் தண்டவாளத்தை நம் மாவட்டத்தில் வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. கடற்கரை ஊர்களில் இன்று துடைத்தது சில நாளில் மறுபடி செம்பழுப்பாகும். பித்தளையின் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும், ஓட்டும் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டியிருக்கும். காசு செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் அதை முதலில் நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் செலவழியுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது தவறு; அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். ஆல்கஹாலில் துடைத்தால் முழுதாகக் காய்ந்த பிறகே ரயிலை ஓட்டுங்கள். சக்கரத்தில் எழும் பொறியில் ஆவி தீப்பிடிக்கும்.

'பக்கத்தில் வேகமாகப் போகிறது, தள்ளிப் போனால் திணறுகிறது' என்ற புகாருக்குக் காரணம் தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகள். உப்பு ஈரம் பட்டு அவை கறுத்துவிடும். தகடு தண்டவாளத்தை நேராகப் பிடித்து நிறுத்தட்டும். மின்சாரம் கடத்தும் பொறுப்பை அதனிடம் விடாதீர்கள். பலகைக்கு அடியில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இரண்டை நீளவாக்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் கிளை வயரைச் சால்டர் செய்யுங்கள். ரோசின் உள்ள சால்டர் கம்பியே வேண்டும். அமிலப் பசை போட்டால் மூட்டு உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்து அறுந்துவிடும். இன்ஜின் ஓடும்போது கடைசி முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தொடக்க முனையைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ ஒரு மூட்டு சரியில்லை.

ஜல்லி விஷயத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கும் வண்ண மணலும் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலும் பார்வைக்கு அசல் ஜல்லி மாதிரியே இருக்கும். அதில் இல்மனைட் இருக்கிறது. காந்தம் அதை இழுக்கும். ரயில் நாலு சுற்றுப் போவதற்குள் மணல் மோட்டாரின் காந்தத்தில் மீசையாக முளைத்துப் பற்சக்கரத்துக்குள் இறங்கிவிடும். போதாததற்கு உப்பு வேறு. குவாரிகளில் கிடைக்கும் கருங்கல் துகளை வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்துச் சலியுங்கள். நிஜப் பாதையின் 20 முதல் 65 மில்லிமீட்டர் ஜல்லி, ஹெச்ஓ எனப்படும் 1:87 மாதிரி அளவில் கால் முதல் முக்கால் மில்லிமீட்டர். அதிலும் கிரஷரின் இரும்புத் துணுக்கு இருக்கும் என்பதால் காந்தத்தைத் தாளில் சுற்றி ஒருமுறை துழாவிவிடுங்கள். பரப்பியபின் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு துளி கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, பாதி ஃபெவிகால் பாதி தண்ணீர்க் கலவையைச் சொட்டுக் குழாயால் விடலாம். ஒரு தடம் இரண்டாகப் பிரியும் பாயிண்ட்டின் நகரும் நாக்குப் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது.

பலகைக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, உப்பிப் போகும். 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட் 8 அடிக்கு 4 அடி ஒன்று வாங்கி, நீளவாக்கில் மூன்றாக அறுத்தால் சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று அலமாரிப் பலகை கிடைக்கும். வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடிக்க மறக்க வேண்டாம். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

வட்டப் பாதையை விட்டுவிட்டு அலமாரியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்று 1:87-ல் 24.5 சென்டிமீட்டர் நீளம். செட்டோடு வரும் 18 அங்குல ஆர வளைவில் அது முக்கி முனகி, கப்ளிங் இழுத்துத் தடம் புரளும். பாதை முடிகிற கன்னியாகுமரி மாதிரி ஒரு நிலையத்துக்கு வளைவே தேவையில்லை. டபிள்யூஏபி-7 இன்ஜின் இந்த அளவில் 23.6 சென்டிமீட்டர், முட்டுக்கட்டைக்கு முன்னால் 26 சென்டிமீட்டர் விட்டால் இன்ஜின் கழன்று நிற்க இடம் கிடைக்கும். அதற்கு முன் ஒரு பாயிண்ட், மூன்று பெட்டிக்கு 80 சென்டிமீட்டர் இணைபாதை, மறுபடி ஒரு பாயிண்ட். இன்ஜின் சுற்றி வந்து மறுமுனையில் மாட்டிக்கொள்ள இவ்வளவே போதும். 8 அடிப் பலகையில் இது அடங்கி மிச்சமும் இருக்கும்.

அளவுச் சுத்தம் பார்க்கிறவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். நம் மாவட்டத்துக்கு 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து வந்த பாதையும் 1981-ல் திருநெல்வேலியிலிருந்து வந்த பாதையும் தொடக்கத்திலிருந்தே அகலப்பாதை. அதன் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவேயான 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும்; கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமோ 16.5 தான். உண்மைதான். ஆனால் 19.3-க்குத் தண்டவாளத்தையும் பாயிண்ட்டையும் கையாலேயே கட்ட வேண்டும். இப்போதுதான் திரும்பி வருகிறவர் அதில் இறங்கினால் ஒரு ரயிலும் ஓடாது. 2.8 மில்லிமீட்டர் குறையைப் பிளாட்பாரம் மறைத்துவிடும்.

டிஜிட்டலுக்கு மாறுவது கடைசியில். அதற்கு, தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டீகோடர் என்ற சின்ன சர்க்யூட்டை இன்ஜினுக்குள் பொருத்த வேண்டும். பழைய இன்ஜின் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் நேராக உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டீகோடர் பொருத்தினால் முதல் நொடியிலேயே டீகோடர் போய்விடும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரஷ்ஷிலும் மற்றதைச் சட்டத்திலும், பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். எங்காவது 'பீப்' கேட்டால் அந்த இன்ஜின் இன்னும் தயாராகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்