மூட்டையில் கட்டிய ஒரு கல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

11-ஆம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் சுருள்வில் மாறிலி (வில்லை ஒரு மீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்ற அளவு) காணும் சோதனை பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வில்லில் எடையைத் தொங்கவிட்டு ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு (மேலும் கீழுமாக இருபது முழு ஆட்டங்களுக்கு) ஆகும் நேரத்தைக் குறித்து, சூத்திரத்தில் போட்டு, விடை எழுதினால் முடிந்தது. விடை எவ்வளவு வரும் என்பது முந்தைய ஆண்டு ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கும். பணியில் இருந்தபோது ஒரே தொகுதியில் எட்டுப் பேர் தசமம்கூட மாறாமல் ஒரே விடை எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், விடை தெரிந்த கேள்வியைத்தானே அவர்களிடம் கேட்கிறோம்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். மாறிலியைக் கண்டதோடு நிறுத்தாமல், எடை தெரியாத ஒரு பொருளைக் கொடுத்து அதன் நிறையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பள்ளி வாசலில் கிடக்கும் கல்லைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். 100 கிராமுக்கு 4 செ.மீ. நீளும் வில் என்று வைத்துக்கொள்வோம். மாறிலி மீட்டருக்கு 24.5 நியூட்டன். கல்லைத் தொங்கவிட்டதும் 7.4 செ.மீ. இறங்கினால் 185 கிராம். சரி, அதே கல்லை லேசாகக் கீழே இழுத்து விட்டு ஆடவிட்டால் 20 அலைவுக்கு 11.5 விநாடி ஆகிறது, கணக்குப் போட்டால் 205 கிராம் வருகிறது! இந்த 20 கிராம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை முழிக்கும் பாருங்கள், அங்கேதான் இயற்பியல் தொடங்குகிறது. கல் ஆடும்போது வில்லும் கூடவே ஆடுகிறது, அதன் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கல்லோடு சேர்ந்துகொள்கிறது. வில்லைத் தராசில் வைத்தால் சுமார் 60 கிராம் இருக்கும், கணக்கு நேராகிவிடும். இப்போது நாம் பயன்படுத்தும் சூத்திரத்தில், அடுத்தடுத்துத் தொங்கவிடும் இரண்டு நிறைகளின் வித்தியாசத்தை எடுப்பதால் வில்லின் நிறை தானாகவே கழிந்துபோகிறது. நல்ல வழிதான், ஆனால் எது கழிந்தது என்று மாணவருக்குத் தெரிவதே இல்லை.

அப்புறம், ஏன் ஒரு அலைவை மட்டும் அளக்காமல் இருபதை அளக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைக்கும். கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினால், அரை விநாடி சொச்சம் ஆகும் ஒரே அலைவில் அது மூன்றில் ஒரு பங்குப் பிழை. இருபதில் அது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

இது வெறும் பாடப்புத்தக விஷயமும் இல்லை. 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர்கள், தராசு வேலை செய்யாத இடத்தில், வில்லோடு இணைத்த இருக்கையில் உட்கார்ந்து ஆடித்தான் தங்கள் உடல் நிறையை அளந்தார்கள்.

இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு கல், பின்னால் எண் எழுதி, சரியான நிறை தேர்வாளர் கையில் மட்டும். மதிப்பெண்ணை விடை எவ்வளவு நெருக்கம் என்பதற்கு மட்டும் கொடுக்காமல், பிழை எங்கே வந்திருக்கும் என்று மாணவர் எழுதும் நாலு வரிக்கும் கொடுங்கள்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திண்டுக்கல்