செந்திலுக்கு, 1-1-லிருந்து

அன்பு மாப்ள செந்திலுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுவிடு. இங்கே எல்லோரும் சுகம். அக்கா மகன் கவின் காலாண்டு லீவுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாக ஆனதற்கு அவன்தான் காரணம்.

ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறேன், மூன்று தடவை விளக்கினாலும் பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் ஓட மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டாய், மாரியோ வீடியோ கேமிலிருந்து வந்தது.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் தன்னுடைய சுவிட்சை, அதாவது நிண்டெண்டோ கம்பெனியின் கேம் பெட்டியை, இரண்டு வாரத்துக்குக் கொடுத்திருந்தார். அதில் பழைய கேம்களும் இருக்கின்றன. உங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்து நாம் விளையாடிய அதே 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இருந்தது. டிவியில் மாட்டிக் கவின் கையில் கொடுத்தேன். என்ன ஆனாலும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தடவை நேராக நடந்துபோய் அந்தக் காளான் தலையன்மேல் முட்டிச் செத்தான். இரண்டாவது தடவை பட்டன் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தான். ஒன்று குதிக்க வைக்கிறது என்று தெரிந்தது. மூன்றாவது தடவை குதித்து அதன் தலையிலேயே இறங்கினான். அது தட்டையாகப் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மூச்சு விடவில்லை. அடுத்துக் கேள்விக்குறி போட்ட பெட்டியைத் தலையால் முட்டினான். காசு வந்தது. பக்கத்துப் பெட்டியை முட்டினால் உள்ளேயிருந்து காளான் எழுந்து வருகிறது. இதுவும் எதிரிதான் என்று நினைத்துப் பின்வாங்கி ஓடினான். காளானோ வலது பக்கம் போய்க் கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதித் திரும்பி அவனை நோக்கியே வந்தது. பதறிப்போய்க் குதித்தான். மேலே செங்கல் வரிசை தலையில் இடித்தது. நேராகக் காளான் மேலேயே விழுந்தான்.

"மாமா, பெரிசாயிட்டேன்!"

அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும் செந்தில்.

அன்று ராத்திரி உட்கார்ந்து இந்தக் கேமைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். கவினுக்கு நடந்தது எதுவும் தற்செயல் இல்லையாம். குழாய் அங்கே நிற்பதும், செங்கல் அந்த உயரத்தில் இருப்பதும், பயந்து ஓடுகிற பிள்ளைக்கும் எப்படியாவது காளான் கிடைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். நிண்டெண்டோவில் இதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் 2015-இல் ஒரு பேட்டியில் இந்த 1-1-ஐ, அதாவது முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜை, இடம் இடமாகக் காட்டி விளக்கியிருக்கிறார்கள். அந்தக் காளான் தலையனே கடைசி நேரத்தில் சேர்த்ததுதானாம். முதல் எதிரியாக ஆமை வந்தால், மிதித்து அப்புறம் அதன் முதுகு ஓட்டை உதைக்க வேண்டும், புதிதாக ஆடுகிறவர்களுக்கு அது கஷ்டம் என்று, ஒரே மிதியில் போகிற மாதிரி ஒன்றைச் செய்தார்கள். அதற்குள் கேசட்டில் இடம் தீர்ந்துவிட்டது. ஒரே படத்தை வரைந்து, அதை இடவலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டி நடக்க வைத்துவிட்டார்கள். எத்தனை ஆயிரம் தடவை அதை மிதித்திருப்போம், ஒரு தடவையாவது கவனித்தோமா?

இன்னொன்று சொல்கிறேன், இது உனக்காகவே சொல்வது. 1-1-இன் கடைசிப் பக்கம் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே வரும், ஞாபகம் இருக்கிறதா? முதல் ஜோடிக்கு நடுவே தரை இருக்கிறது. விழுந்தால் ஒன்றும் ஆகாது, எழுந்து ஏறிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அதே மாதிரி இன்னொரு ஜோடி. அங்கே நடுவில் பள்ளம், விழுந்தால் செத்தோம். அதாவது முதலில் ஒத்திகை, அப்புறம்தான் பரீட்சை. அதை ஒத்திகை என்று யாரும் சொல்வதும் இல்லை. நமக்குக் கையேடா இருந்தது? உன் மாமா 1996-இல் சென்னையிலிருந்து வாங்கி வந்த பெட்டியில் 9999 கேம் என்று போட்டிருந்தது, உள்ளே அதே பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு காகிதம்கூடக் கூட வரவில்லை. ஆனாலும் இரண்டே நாளில் முழுசாகத் தெரிந்துகொண்டோம். நாம் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எவ்வளவு பொறுமையாக நமக்காக யோசித்திருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

அந்தப் பொறுமை எல்லாம் எவ்வளவு இடத்துக்குள் என்று கேள். ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 அன்று வெளியான அந்தக் கேசட்டில் மொத்தம் 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற குட்மார்னிங் படம் ஒன்றே இதைவிடப் பெரியது. அதற்குள் 32 ஸ்டேஜ். மேலே வருகிற மேகமும் கீழே இருக்கிற புதரும் ஒரே படம், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இதைக் கவினிடம் சொன்னதும் கேமை நிறுத்திவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் விரலால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னிடமும் காட்டினான், தானே கண்டுபிடித்த மாதிரி.

கோஜி கோண்டோவின் இசையைப் பற்றி எழுதினால் தனிக் கடிதமாகிவிடும். ஒன்று மட்டும். குதிக்கும்போது வருகிற சத்தத்துக்காக, ஓடிக்கொண்டிருக்கிற பாட்டில் ஒரு தடம் கணநேரம் ஒதுங்கி வழிவிட்டுத் திரும்பி வருகிறது. கண்ணை மூடிக் கேட்டால் பிடிபடும். 2023-இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் இந்த இசையைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது, வீடியோ கேம் இசையில் இதுதான் முதல். உன் தங்கை பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாளே, அதே பாட்டுதான்.

சரி, இனி நெஞ்சு கனக்கிற விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

எட்டாவது உலகம் வரை போய் எத்தனை தடவை லைஃப் தீர்ந்திருக்கும் நமக்கு? அந்தச் சுத்தியல் ஆமைகளிடம் ஒவ்வொரு லைஃபாகக் கொடுத்துவிட்டு, கேம் ஓவர் வந்ததும் மறுபடி 1-1 என்று ஆரம்பிப்போமே, அது தேவையே இல்லை. கேம் ஓவர் ஆனதும் முகப்புத் திரையில் ஏ பட்டனைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்தினால், எந்த உலகத்தில் செத்தோமோ அதன் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். முதல் நாளிலிருந்தே அந்த வசதி உள்ளே இருந்திருக்கிறது. கரண்ட் போனால் எதுவும் மிஞ்சாது, அது வேறு. ஆனால் அந்தக் கோடை லீவு முழுக்க 8-1-இலிருந்து ஆரம்பித்திருக்கலாம் மாப்ள! இதைப் படித்ததும் உனக்கு உடனே போன் செய்யத்தான் எடுத்தேன். மணி இரவு 1. வைத்துவிட்டேன்.

கேசட்டை ஊதுவோமே, அதிலும் பயன் இல்லையாம். எடுத்துத் திரும்பச் செருகியதில்தான் வேலை செய்திருக்கிறது. எச்சில் ஈரம் பட்டுக் கேசட்டின் உலோகப் பல்லெல்லாம் கெட்டதுதான் மிச்சம். ஆனால் 3-1 படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து லைஃப் ஏற்றினோமே, அது சரிதான். ஒரு எல்லையைத் தாண்டினால் மட்டும் கணக்குத் தலைகீழாகி, அடுத்துச் செத்ததும் கேம் ஓவர். உன் அண்ணன் அன்றைக்குப் பேராசைப்பட்டு அழுதானே, காரணம் இதுதான் என்று அவனிடம் சொல்லிவிடு.

கவின் ஊருக்குக் கிளம்பும்போது 4-2 வரை வந்திருந்தான். 1-2-இல் கூரைமேல் நடந்து போகிற வழியை அவனே கண்டுபிடித்தான், நான் சத்தியமாகச் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது, தொடையைக் கிள்ளிக்கொண்டு இருந்தேன்.

பின்னத்துக்கு இதிலிருந்து என்ன எடுப்பாய் என்று நான் சொல்லத் தேவையில்லை, நீ வாத்தியார். விழுந்தாலும் அடிபடாத அந்த முதல் படிக்கட்டு மாதிரிக் கணக்கு ஏதாவது போட்டுப் பார். எப்படிப் போனது என்று எழுது, நிஜமாகவே காத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் கோவில்பட்டிக்கு வருகிறேன். அதற்குள் சுவிட்சைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். உங்கள் பரணில் அந்தப் பழைய பெட்டி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு வை. அடாப்டரை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் ஜாய்ஸ்டிக் உனக்கு.

அன்புடன்,
ரவி