சில்லுச் சுற்றிய கச்சான் காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்னாருக்குச் சொந்தம் என்று இணையத்தில் பதிந்து விற்கிற என்.எஃப்.டி. படம் வாங்கி விளையாடினால் வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்று சென்ற ஞாயிறு உங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் ஊர்ப் பெடியள் போனில் படம் எடுத்து ஆளுக்காள் அனுப்புகிறார்கள். பேப்பரிலேயே வந்துவிட்டது என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அக்காவின் மகன் கச்சான் விற்ற காசில் 65 ஆயிரம் ரூபாயை இப்படி ஒன்றில் போட்டான். கிடைத்தது, நீலத் தொப்பி போட்ட ஒரு சேவலின் படம். அது கையில் இருந்தால் ஒரு நாளைக்கு ஒருதரம் சில்லுச் சுற்றலாம். பின்னேரம் கிணற்றுக்கட்டில் இருந்து அவன் சுற்றும்போது நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சில்லு நின்றதும் திரை முழுக்கப் பூச்சொரியும், 40 நாணயம் பரிசு என்று வரும். அந்த நாணயம் ரூபாயும் இல்லை, டொலரும் இல்லை. விளையாட்டை நடத்துகிறவர்களே உண்டாக்கிய டோக்கன். முதல் மாதம் போட்டது இரட்டித்த மாதிரித் தெரிந்தது. நாலாம் மாதம் விற்கப் போனபோது எல்லாமாக 4 ஆயிரம்கூடத் தேறவில்லை. சேவலைக் கேட்க ஆளே இல்லை.

வெல்கிற எல்லாருக்கும் டோக்கன் புதிது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர் பெரும்பாலும் புதிதாக விளையாட வருகிறவர்தான். வரத்து நின்ற குளம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இந்த வகையில் உலகத்திலேயே பெரிதாகப் பேசப்பட்ட ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டுக்கும் இதுதான் நடந்தது. கொரோனாக் காலத்தில் பிலிப்பைன்ஸில் எத்தனையோ பேர் அதை நம்பிச் சீவித்தார்கள். அதில் விளையாடி உழைக்கும் எஸ்.எல்.பி. என்ற டோக்கன் 2021 நடுப்பகுதியில் 30 அமெரிக்கச் சதத்துக்கு மேல் போனது. அடுத்த வருடம் அதே காலத்தில் ஒரு சதம்கூட இல்லை. 2022 மார்ச்சில் அந்த விளையாட்டின் காசும் டோக்கனும் கைமாறும் ரோனின் வலையமைப்பில் இருந்து 60 கோடி டொலருக்கு மேல் களவு போனது. ஆறு நாள் கழித்துத்தான் நடத்துகிறவர்களுக்கே தெரிய வந்தது.

பிளொக்செயினில், அதாவது பல கணினிகளில் ஒரேநேரம் வைத்திருக்கும் பதிவேட்டில், பதிந்தால் அழியாது என்று கட்டுரை சொல்கிறது. சரி, இன்ன இலக்கப் படம் இன்னாருடையது என்ற பதிவு அழியாது. படம் அனேகமாக வேறொரு சேர்வரில்தான் கிடக்கும். அப்புறம், அந்தப் பதிவுக்கு விலை வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

கிரிப்டோ என்கிற இப்படியான இணைய நாணயம் தொடர்பான திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2022 ஜூலையில் அறிவித்தது. அந்த ஒரு வரியாவது கட்டுரையில் இருந்திருக்க வேண்டும். நுண்கடனில் பட்டது போதாதா எங்கள் சனத்துக்கு? இங்கே 65 ஆயிரம் என்பது அடுத்த போகத்துக்கான விதையும் உழவுகூலியும். அக்கா இப்போது காப்பை அடகு வைத்துத்தான் விதைக்கப் போகிறா.

அதே இளைஞர் பக்கத்தில், அதே அளவு இடத்தில், டோக்கனை யார் வாங்குகிறார்கள் என்பதையும் விளக்கி எழுதுங்கள். பெடியள் அதையும் படம் எடுத்து அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
கச்சான் செய்கையாளர் ஒருவர்,
விசுவமடு.