புறாவுக்கு வலை கட்டலாம், பூனைக்குக் கட்டக்கூடாதா?

மதிப்பிற்குரிய குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் தம்பதிக்கு நான் ஒரு கறுப்புப் பூனையைத் தத்துக் கொடுத்ததும், கொஞ்ச நாளிலேயே அது என்னிடம் திரும்பி வந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். வீட்டு ஓனருக்கு போன் போட்டதே நீங்கள்தானே. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். செல்லப் பிராணிகள் கூடாது என்ற தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். அந்தப் பூனை அந்த வீட்டுக்கே போகட்டும்.

மழைக்காலத்தில் சென்னையில் கார் எடுப்பவர்கள் பானெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்வது நல்லது. என்ஜின் சூட்டுக்காகக் குட்டிகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும். இவள் அப்படிக் கிடைத்தவள். பீளை கட்டி இரண்டு கண்ணும் ஒட்டிக் கிடந்தன. பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும். அதனால் பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் ராத்திரியும் எழுந்து எழுந்து கொடுத்தோம். அப்புறம் தடுப்பூசிகள், கருத்தடை. இவ்வளவையும் செய்துவிடலாம். வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. படம் போட்டால் "பெர்ஷியன் இருக்கா?" என்று கேட்பவர்களே அதிகம். நாட்டுப் பூனை, அதுவும் கறுப்பு, அதுவும் குட்டிப் பருவம் தாண்டியது என்றால் விசாரிப்பதோடு சரி.

உங்கள் குடியிருப்புத் தம்பதியோ கறுப்பு என்று தெரிந்தே கேட்டவர்கள். நான் வீட்டைப் பார்க்கப் போனபோது பால்கனிக்கு வலை அடித்து, பூனை கழிவறையாகப் பயன்படுத்த மணல் தட்டு வாங்கி, தயாராக இருந்தார்கள். அந்த வலை கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறது என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பாதிப் பால்கனிகளில் புறாவுக்காக வலை தொங்குகிறது. அதே நைலான், அதே நிறம். புறா உள்ளே வராமலிருக்கக் கட்டினால் அழகு, பூனை கீழே விழாமலிருக்கக் கட்டினால் அசிங்கம் போலிருக்கிறது. கமிட்டியில் ஒருவர் "கறுப்பு வேறயா?" என்று முகம் சுளித்தாராம். வலைக்குள் இருக்கும் பூனை யார் குறுக்கே போகப்போகிறது ஐயா?

இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலை உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். பெரும்பான்மையினர் கை தூக்கினாலும் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது என்கிறது அது. "அது நாய்க்குத்தானே" என்று பதில் வந்தது. சரி. லிஃப்டில் ஏறி, காலையும் மாலையும் வாக்கிங் போய், குரைக்கவும் செய்கிற நாயையே தடுக்கக் கூடாதென்றால், வாசல் தாண்டாத பூனையை எந்தக் கணக்கில் தடுக்கிறீர்கள்?

காம்பவுண்டில் பூனைத் தொல்லை என்று சுற்றறிக்கை விடுவதும் நீங்கள்தான். பூனைகளைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவரச் சொல்வதும் நீங்கள்தான். (சாக்கில் திணித்துக் கொண்டுபோவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அது தனிக்கதை.) போன பூனையின் இடத்துக்கு வேறொரு பூனை வரும். சினையானால் இரண்டே மாதத்தில் குட்டி போடும். தொல்லை குறைய வேண்டுமென்றால் கருத்தடை செய்ய வேண்டும், வீடு கிடைக்கிற பூனையை வீட்டுக்குள் போக விட வேண்டும். கருத்தடை செலவுக்கு உங்களிடம் ஒரு ரூபாய்கூட நாங்கள் கேட்டதில்லை. தீபாவளிக்கு லைட் போட மட்டும் நிதி எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

சரி, அதை விடுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று ஓனருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நிபந்தனை வேண்டுமானால் தாராளமாகப் போடுங்கள். வருடா வருடம் தடுப்பூசிச் சான்று தரவும், மணல் கழிவைத் தனிப் பையில் கட்டிப் போடவும் அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பூனையின் தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பூனைக்கு வீடு தேடும் பக்கத்துத் தெருக்காரி