எங்கள் 18 அடிப் படகையும் ஒருதரம் அளந்து பாருங்கள்

கப்பல் உந்துவிசை, கப்பல் அசைவு, கடற்பொறியியல் வடிவமைப்பு ஆகியவற்றில் ஆய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,

மதிப்புக்குரிய ஐயாமாரே, அம்மாமாரே,

சென்ற மாதம் திருகோணமலையில் நீங்கள் நடத்திய ஆய்வரங்குக்கு எங்கள் மீனவர் சங்கத்தையும் அழைத்திருந்தீர்கள். நன்றி. முன்வரிசையில் இருத்திப் படமும் எடுத்தீர்கள். கொள்கலன் கப்பலின் அடியில் காற்றுக் குமிழிகளைச் செலுத்தி உராய்வைக் குறைப்பது பற்றிக் கேட்டோம். வேகத்தை 10 வீதம் குறைத்தால் தேவைப்படும் வலு ஏறக்குறைய 27 வீதம் குறையும் என்ற கணக்கையும் கேட்டோம். நல்ல கணக்குத்தான். தேநீர் நேரத்தில் எங்கள் செயலாளர், 18 அடி பிளாஸ்ரிக் படகில் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது எப்படி என்று ஒரு கேள்வி கேட்டார். "அது எங்கள் ஆய்வுப் பரப்புக்குள் வராது, நீங்களும் மெதுவாக ஓடிப் பாருங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. நான் படகு எஞ்சின் திருத்துகிறவன்.

பெரிய கப்பல் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. எங்கள் படகு வேகம் பிடித்ததும் மேலெழும்பி, தண்ணீரின் மேல் ஓடுகிறது. நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகு ஏறக்குறைய ஐந்தரை நொட் (மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு) வரைக்கும்தான் சுகமாகப் பிளந்து போகும். அதற்கு மேல் முடுக்கினால், தான் கிளப்பிய அலையில் தானே ஏறவேண்டும். அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்கும், பின்பக்கம் அமிழும், எஞ்சின் முனகும், எண்ணெய் இறங்கும், வேகம் மட்டும் வராது. எழும்பி ஓடும் படகை "கொஞ்சம் மெதுவாக" ஓட்டினால் நேரே இந்த இடத்தில்தான் வந்து விழும். இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கொள்கலன் கப்பலின் புத்திமதியை எங்களுக்குச் சொன்னதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வலை, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய்க் கேன்கள், மூன்று பேர் என்று பாரம் ஏறிய படகுகள் பலவும் அந்த இடத்தைத் தாண்டுவதே இல்லை. அதன் விளைவு என் மேசைக்கு வருகிறது. பிளக் கறுத்து ஈரமாக இருக்கும். பிஸ்டன் வளையங்கள் கரி பிடித்து அசையாது. புகை போகும் பக்கமாகப் பிஸ்டனில் நகத்துக்குத் தட்டுப்படும் நீளக் கீறல். பையன்கள் ஒயிலைக் குறை சொல்வார்கள். எண்ணெயோடு ஒயில் சரியாகக் கலந்திருந்தாலும் அதே கீறல்தான். பல நேரம் பிழை பின்னால், தண்ணீரைத் தள்ளும் விசிறியான புரொப்பெலரில் இருக்கிறது. பெட்டியில் எஞ்சினோடு வந்ததையே எல்லோரும் பூட்டுகிறார்கள். அந்தப் பாரத்துக்கு அதன் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) கூடிவிட்டால் எஞ்சின் சுற்று ஏறாமல் திணறித் திணறியே ஆயுளை முடித்துக்கொள்ளும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 தடவை வரை சுற்றவேண்டும் என்று 15 குதிரைவலு எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கிறது. சரி, யார் எண்ணுவது? கையால் திருப்பி ஓட்டும் இந்த எஞ்சின்களில் சுற்றுமானி கிடையாது. காதை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம்.

ஆகவேதான் கேட்கிறோம்: ஒரு 18 அடிப் படகை, வழமையான பாரத்தோடு, இரண்டு மூன்று வகைப் புரொப்பெலர்களைப் பூட்டி ஓடவிட்டு, சுற்றும் வேகமும் எண்ணெய்ச் செலவும் அளந்து தாருங்கள்.

2022 ஆகஸ்ட் 22இல் எங்கள் எஞ்சின்கள் குடிக்கும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. அதற்கு முன்பும் அது கிடைத்தபாடில்லை. கேன்களோடு வரிசையில் காத்து நின்றோம். சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் ஊர் இது. வல்லரசுகள் எல்லாம் எங்கள் துறைமுகத்தின் ஆழத்தை வந்து வந்து அளந்துவிட்டுப் போகின்றன. அதில் ஓடும் வள்ளம் எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க மட்டும் எவருக்கும் நேரமில்லை. அது உங்கள் குற்றமில்லை, விட்டுவிடுகிறேன்.

மாதிரிப் படகை இழுத்து அளக்கும் தொட்டி இல்லை, நிதி இல்லை என்று சொல்லவேண்டாம். உங்கள் துறையின் மூத்தவர் வில்லியம் ஃபுரூட், 1867இல் இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் 3, 6, 12 அடி மாதிரிகளை நீராவிப் படகால் இழுத்துத்தானே பார்த்தார்? டோர்க்கியில் அவருக்குத் தொட்டி வந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் உள்துறைமுகத்துத் தண்ணீர் விடியப்புறத்தில் அசையாமல் கிடக்கும். இழுக்க ஒரு படகு, இடையில் ஒரு சுருள்வில் தராசு, எழுத ஒரு கொப்பி போதும், எதிர்ப்பு விசை தெரிந்துவிடும்.

இன்னொன்று. இப்போதுள்ள இரண்டு ஸ்ரோக் எஞ்சினை விட்டு நான்கு ஸ்ரோக் எஞ்சினுக்கு மாறச் சொல்கிறார்கள். எண்ணெய் மிச்சம், உண்மை. ஆனால் அதன் எடை கூட. அந்த எடை பின்பலகையில் ஏறினால் ஏற்கெனவே தூக்கும் அணியம் இன்னும் தூக்காதா? கேன்களை எவ்வளவு முன்னுக்குத் தள்ளி வைக்கலாம், வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) கடலில் அப்படி வைத்தால் அணியம் அலைக்குள் குத்துமா? படகு அசைவைப் படித்தவர்கள் நீங்கள். நாங்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை பிடிக்கிறோம்.

தயவுசெய்து ஒருமுறை வந்து அளந்து பாருங்கள். கிடைப்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள். சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டுகிறோம். உங்கள் கட்டுரையில் எங்கள் பெயர் வரவேண்டும் என்றில்லை.

படகும் எஞ்சினும் ஓட்டியும் எங்கள் பொறுப்பு. அன்றைய எண்ணெயைச் சங்கம் தரும். சுற்றுமானியும் எண்ணெய் அளக்கும் கருவியும் நீங்கள் கொண்டுவாருங்கள். வாடை ஓய்ந்த பிறகு, கச்சான் (தென்மேற்குக் காற்று) தொடங்குமுன் ஒரு நாளைச் சொல்லுங்கள். விடியற்காலையிலேயே இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிக் காற்று எழும்பினால் அளவு பிழைத்துவிடும்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
திருக்கடலூர், திருகோணமலை